உரைக்கு அழைப்பவர்களும் கம்பத்தில் ஏறுபவர்களும்

இணைய வலையமைப்புகளை இயக்குகிறவர்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை கூடித் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வழக்கம் மூன்று தலைமுறைப் பொறியாளர்களைக் கண்டுவிட்டது. ஐரோப்பாவில் ரைப் 1989 முதலும், வட அமெரிக்காவில் நானோக் 1994 முதலும் கூடிவருகின்றன. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஏப்ரிகாட் மாநாடு 1996-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. தெற்காசியாவுக்கான சானோக் 2003 ஜனவரியில் காத்மாண்டுவில் முதன்முதலாகக் கூடியது. இந்தியாவுக்கென்று இன்னோக் பிறகு வந்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சடங்கு ஒன்று உண்டு. மாநாட்டுக்குச் சில மாதங்களுக்கு முன் உரைக்கான அழைப்பு வெளியாகும். பேச விரும்புகிறவர் தலைப்பு, உரைச் சுருக்கம், வரைவுப் படவில்லைகள், தன்னைப் பற்றிய குறிப்பு ஆகியவற்றை அனுப்ப வேண்டும். சம்பளம் வாங்காத நிகழ்ச்சிக் குழு ஒன்று அவற்றைப் படித்து, மதிப்பிட்டு, ஏற்கும் அல்லது தள்ளும். இந்த முறை துறைக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டம் போல நாட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர்களில் தினசரி வேலையாகச் சேர்ந்திருக்கும் அறிவை அதே முறைதான் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. முறையின் அமைப்பே அப்படி.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவது நியாயம். நம் ஊர்ப் பெருநகரங்களில் நடக்கும் தொழில்நுட்பக் கண்காட்சிகளில் மேடை என்பது பெரும்பாலும் விலைக்குக் கிடைக்கும் பொருள். யார் அதிகம் நிதி தருகிறாரோ அவர் பேச்சாளர். அவர் கருவியின் அருமைதான் உரை. இயக்குநர் கூட்டங்களின் அழைப்பு இதற்கு நேர் எதிர். விற்பனைப் பேச்சு கூடாது என்பது அவற்றில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் எழுதப்பட்ட விதி. நிதி தருகிறவரின் சின்னம் பதாகையில் இருக்கலாம், உரைக்குள் நுழையக்கூடாது. ஏப்ரிகாட்டின் அழைப்பில் வரைவுப் படவில்லை இல்லாத விண்ணப்பம் பரிசீலனைக்கே போகாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் தலைப்பை மட்டும் கொடுத்து இடம்பிடித்துவிட்டு, மேடைக்கு வரும்போது நிறுவனத்தின் விளம்பரக் கோப்பைத் திறப்பவர்களைத் தடுக்க வேறு வழி இல்லை. உரைகளின் படவில்லைகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு பொறியியல் மாணவி, பிலிப் ஸ்மித் போன்ற பயிற்றுநர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெற்காசியாவில் சுற்றிச் சுற்றி நடத்திய வழித்தடப் பாடங்களை ஒரு காசு கொடுக்காமல் படிக்க முடிகிறது. தனியார் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்டும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

இதைவிடப் பெரிய நன்மை, தவறிப்போனதைப் பற்றிப் பேசும் பழக்கம். இணையம் ஒருவருக்கொருவர் நம்பிக்கையில் ஓடுவது. எந்த முகவரிகள் தன்னிடம் இருக்கின்றன என்று ஒவ்வொரு வலையமைப்பும் அண்டை வலையமைப்பிடம் அறிவிக்கும். அண்டை அதை நம்பி மேலே சொல்லும். 1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007 என்ற எண் கொண்ட ஒரு சிறிய அமெரிக்க வலையமைப்பு தவறான அறிவிப்புகளை வெளியிட்டதில் இணையத்தின் பெரும்பகுதி தடுமாறியது. 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப்பைத் தன் நாட்டுக்குள் மட்டும் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்து, உலகம் முழுவதும் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப்பை இழுத்து நிறுத்தியது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் மறைந்தன. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது; அத்தகைய கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. இதை அந்த நிறுவனமே சில நாட்களுக்குள் எழுதி வெளியிட்டது. இப்படிப்பட்ட நிகழ்வுகளை மேடையில் வைத்து, எங்கே வடிகட்டி இல்லாமல் போனது, யார் எப்போது கவனித்தார், எப்படி மீண்டது என்று அறுத்துப் பார்க்கும் பண்பாட்டை இயக்குநர் கூட்டங்கள்தான் வளர்த்தன. இன்று வழித்தட அறிவிப்புகளுக்குக் குறியாக்கச் சான்று தரும் ஆர்பிகேஐ முறை பரவியிருக்கிறது என்றால், அதற்கு முன்னால் பல நூறு உரைகள் இருக்கின்றன.

ஆக, திறந்த அழைப்பும் தேர்வுக் குழுவும் விற்பனையைத் தடுக்கின்றன, தோல்வியைப் பேசவைக்கின்றன. பிறகு என்ன குறை? அழைப்பு எதை அளக்கிறது என்று பார்த்தால் புரியும். குழுவின் கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய அரைப்பக்கச் சுருக்கம், பத்துப் பதினைந்து படவில்லைகள், ஒரு தன்விவரம். இவற்றைத் திருத்தமாகச் செய்யத் தெரிந்தவர், நிறுவனத்தின் அனுமதி பெற்றவர், பயணச் செலவுக்கு வழியுள்ளவர், ஒரு வாரம் வேலையை விட்டு வரக்கூடியவர் என்னும் நான்கு வடிகட்டிகளையும் தாண்டியவரின் விண்ணப்பம்தான் குழுவிடம் வருகிறது. குழு நேர்மையாகத்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் தன் முன்னால் வந்ததிலிருந்து மட்டும். வராதவர்களைப் பற்றி அதற்குத் தெரிய வாய்ப்பே இல்லை. விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் ஏற்பு விகிதமும் கூட்டத்தின் தரத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அந்த விகிதம் சொல்வது, கதவைத் தட்டியவர்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதை மட்டுமே.

தட்டாதவர்களிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2011 கணக்கெடுப்பின்படி 18,70,374 பேர், எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு வகையான குடியிருப்பு அமைப்பு உண்டு. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் வயல்களுக்கு நடுவே வீடுகள் நெருங்கிய ஊர்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் கேரளத்தைப் போல ஒவ்வொரு வீடும் தன் தென்னை, பலா, ரப்பர் சூழ்ந்த விளைக்குள் தனித்து நிற்கும்; ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் ஜிபான் முறையில், தலைமைக் கருவியான ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒளி வழியில் ஸ்ப்ளிட்டர்களால் பிரிக்கப்பட்டு அறுபத்து நான்கு வீடுகள் வரை போகிறது. எட்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 10 டெசிபெல் போய்விடும்; அப்படி இரண்டு வைத்தால் 20-க்கும் மேல். பரவலாகப் புழங்கும் வகைக் கருவிகளில் மொத்தம் தாங்கக்கூடிய இழப்பே 28 டெசிபெல்தான். மீதி ஏழெட்டு டெசிபெல்லில் தூரம், கனெக்டர்கள், ஒட்டுகள் எல்லாம் அடங்க வேண்டும். கிழக்கே வயல் சூழ்ந்த ஊர்களில் இது சிரமமில்லை. விளைகளின் நடுவே மரத்துக்கு மரம் தொங்கிப் போகும் கேபிளில் ஒவ்வொரு மழைக்காலமும் இரண்டு மூன்று புதிய ஒட்டுகளைச் சேர்க்கிறது. அவசரத்தில் போட்ட ஒட்டு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைத் தின்கிறது. வீட்டுக் கருவியில் பவர் –27 டிபிஎம்முக்குக் கீழே போனால் இணைப்பு விட்டு விட்டு வரத் தொடங்கும். ஒரே கருவி, ஒரே வடிவமைப்பு, ஒரே மாவட்டம். கிழக்கில் ஓடுவது மேற்கில் திணறுகிறது. இதற்கு ஏற்ப ஸ்ப்ளிட்டரை எங்கே வைப்பது, எத்தனை ஒட்டுக்குப் பிறகு கேபிளையே மாற்றுவது என்ற முடிவுகளை எடுப்பவர் முன்பு கேபிள் டிவி நடத்தி, இன்று இணைய இணைப்பு கொடுக்கும் ஆபரேட்டரும் அவரிடம் ஸ்ப்ளைசிங் மெஷினோடு சுற்றும் இளைஞரும்தான். கருவி செய்தவரின் கையேட்டில் ரப்பர் தோட்டம் கிடையாது.

இடியும் கடலும் தனி அத்தியாயம். ஐப்பசியிலும் சித்திரையிலும் மலையடிவாரத்தில் இடி இறங்கும்போது கண்ணாடி இழைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி வழியாகவும், வீட்டு மின்சாரம் வழியாகவும் ஏறி வீட்டுக் கருவிகளைச் சுட்டுவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கிளாம்புகளையும் பெட்டிகளையும் அரித்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் விலை மலிவான கைமருந்துகள் வேலை செய்கிறவர்களிடம் புழக்கத்தில் உள்ளன. சில நல்லவை, சில ஆபத்தானவை. எது நல்லது என்று அளந்து பார்த்துச் சொல்லும் கூட்டம் எதுவும் இவர்களுக்கு இல்லை என்பதால் இரண்டும் கலந்தே பரவுகின்றன.

தட்டாதவர்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது என்பதற்கு ஒக்கி புயலைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2017 நவம்பர் 29-க்கும் 30-க்கும் இடையில், தாழ்வு மண்டலமாக இருந்தது மளமளவென்று புயலாகி மாவட்டத்தைத் தாக்கியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன, பல ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர் வட்டார மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அந்தத் துயரத்தின் அழுத்தத்தில் கடலுக்கான எச்சரிக்கை பற்றி நாடு பேசியது; 2019 அக்டோபரில் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி தரும் ஜெமினி கருவி அறிமுகமானது. கரையில் நடந்ததைப் பற்றி அத்தனை பேச்சு எழவில்லை. மின்சாரம் போனதும் கைபேசிக் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரமும் டீசலில் சிறிது காலமும் நிற்கும். சாலையை மரம் அடைத்துக் கிடக்கும்போது டீசல் போகாது. ஃபைபர் அதே மின்கம்பத்தில் தொங்குவதால் கம்பத்தோடு அதுவும் விழும். மின்வாரியம் புதுக் கம்பம் நடும் வரை கேபிளைத் தூக்கிக் கட்ட இடமில்லை. கம்பம் நட்டவர்கள் அறுந்து கிடக்கும் இழையைக் குப்பையென்று வெட்டி ஒதுக்குவதும் நடக்கும். யார் முதலில், யார் பிறகு, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே சிக்கல். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பேரிடர்த் தாங்குதிறன் பற்றி எந்த வலையமைப்பு மாநாடும் கேட்டுக்கொள்ள வேண்டிய உரை இது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது, ஆறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பாடம் எழுத்தில் கைவசம் இருந்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

இவர்கள் ஏன் விண்ணப்பிப்பதில்லை? சோம்பலோ தயக்கமோ முதற்காரணம் அல்ல. காலத்தையே பாருங்கள்: பிப்ரவரி-மார்ச்சில் நடக்கும் ஏப்ரிகாட்டுக்கு உரைகள் கேட்கப்படுவது முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில். வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாளைக்குப் பத்து இடத்தில் லிங்க் டவுன் ஆகும் காலம் அது. பெரும்பாலும் தலைநகரங்களில் நடக்கும் கூட்டங்களுக்குப் பேச்சாளர் தன் செலவிலோ நிறுவனச் செலவிலோ போக வேண்டும். உதவித்தொகைத் திட்டங்கள் உள்ளன. அவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு படிவம் உண்டு. மூன்று பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஒருவர் ஐந்து நாள் போனால் மற்ற இருவரால் கம்பத்தில் ஏறவும் முடியாது, தொலைபேசியை எடுக்கவும் முடியாது. மொழியையும் மறைக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிறையவே உண்டு. ஆனால் ஒரு தொழிலை ஆங்கிலக் கலைச்சொற்களோடு தமிழில் செய்வது வேறு, அதையே அந்நியர் கூடிய அவையில் ஆங்கிலத்தில் வாதிடுவது வேறு. ஓடிடிஆர், ஸ்ப்ளைஸ், லாஸ் என்று சரளமாகச் சொல்கிற அதே ஆள், உரைச் சுருக்கம் என்ற வடிவத்தின் முன்னால் திகைத்து நின்றுவிடுகிறார். அந்த வடிவம் ஆராய்ச்சி மாணவருக்குப் பழக்கமானது. இவருக்கு அது எட்டவே இல்லை.

மாற்று வழி கற்பனையில்தான் சாத்தியம் என்று நினைக்கத் தேவையில்லை. ஜப்பானின் ஜானோக் 1997 முதல் ஜப்பானிய மொழியில் நடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, டோக்கியோவிலேயே தங்கிவிடாமல் ஊர் ஊராகப் போகிறது. 2022 கோடையில் வடக்கே ஹகோடாதே, 2024 கோடையில் நாரா. உள்ளூர் நிறுவனங்கள் பொறுப்பேற்று நடத்துகின்றன. உரை நிகழ்த்துகிறவர், தான் சொல்ல வருவதோடு, அவையோடு எதை விவாதிக்க விரும்புகிறார் என்பதையும் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. முடிந்த சாதனையை மட்டும் காட்டாமல் முடியாத சிக்கலையும் மேடைக்குக் கொண்டுவர அது இடம்கொடுக்கிறது. பிரான்சில் 2002 முதல் கூடும் எஃப்ஆர்நோக் பிரெஞ்சில் பேசுகிறது. இலத்தீன் அமெரிக்கக் கூட்டங்களில் ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ஆங்கிலம் மூன்றுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. இவர்கள் யாரும் உலகத்தோடு தொடர்பறுந்து போகவில்லை. ஜப்பானியப் பொறியாளர்கள் ஜானோக்கில் பழகிவிட்டு ஏப்ரிகாட் மேடைக்கும் வருகிறார்கள். தாய்மொழி மேடை அவர்களைப் பெரிய மேடைக்குத் தயார்செய்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

தமிழுக்கும் இது புதிதல்ல. 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாடுகள் தமிழில் கட்டுரைகளை வரவேற்றன. 1999 சென்னை மாநாட்டின் விளைவாக இன்றும் நாம் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. 2000 முதல் உத்தமம் அமைப்பு அந்த மாநாடுகளை நடத்திவருகிறது. எழுத்துரு, குறியேற்றம், தேடல், மொழிபெயர்ப்பு என்று திரையில் தெரியும் தமிழைப் பற்றித் தமிழில் வாதிட்டோம். அந்தத் தமிழைச் சுமந்து வரும் கம்பியைப் பற்றித் தமிழில் கூடிப் பேசும் அவை நமக்கு அமையவில்லை. அறிவியலைத் தமிழில் பேச முடியுமா என்ற பழைய கேள்விக்கு எழுத்துருக்காரர்கள் பதில் சொல்லி கால் நூற்றாண்டு ஆகிறது. மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் நடத்திய ‘காகங்கள்’ போன்ற சந்திப்புகளில் எழுத்தாளரும் வாசகரும் முகத்துக்கு நேராக விவாதித்த ஊர் இது. பேசத் தெரியாத ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இதற்கு எழும் முதல் மறுப்பு தரம் பற்றியது. வாசலை அகலத் திறந்தால் ஊர்க்கதைகள் வரும், பொதுவான பாடம் வராது. கேட்க வந்தவரின் நேரம் வீணாகும். இந்த அச்சத்தில் பாதி உண்மை. எந்த விவரமும் அளவும் இல்லாமல் ‘எங்கள் ஊரில் மிகவும் கஷ்டம்’ என்று முடிகிற உரையால் யாருக்கும் பயனில்லை. ஆனால் அதற்கு மருந்து வாசலை மூடுவதல்ல, தயாரிப்பில் உதவுவது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஒட்டு, பழுதுக்கு முன்னும் பின்னும் பவர் எவ்வளவு, சரிசெய்ய எத்தனை மணி நேரம் என்று நான்கு கேள்வி கேட்டால் ஊர்க்கதை தரவாகிவிடும். வேலை செய்கிறவரிடம் இந்த எண்கள் பெரும்பாலும் இருக்கின்றன, ஒரு வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளுக்குள் புதைந்து. யாராவது கேட்டுத் தொகுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இன்றைய முறை ஊர்க்கதையைத் தடுக்கிறது, சரி, அழகான படவில்லைகளோடு வரும் வெறும் பேச்சைத் தடுக்கிறதா? தானியங்கிமயம், செயற்கை நுண்ணறிவு என்று ஆண்டுதோறும் நாகரிகச் சொல்லைச் சூடிக்கொண்டு வரும் உரைகளில் எத்தனையில் ஓர் உண்மையான வலையமைப்பின் ஓர் உண்மையான இரவு இருக்கிறது?

இரண்டாவது மறுப்பு கனமானது. கேபிள் ஒட்டுவது கைத்தொழில். இயக்குநர் மாநாடு வழித்தடம், இணைய மாற்றுமையம், முகவரி ஒதுக்கீடு போன்றவற்றுக்கானது. கடைசி மைல்காரருக்கு அங்கே என்ன வேலை என்பது. இந்தப் பிரிவினை அமைப்பு வரைபடத்தில் மட்டும்தான் சுத்தமாக இருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மார்த்தாண்டத்தில் வேறு நிறுவனத்தின் வாடிக்கையாளரோடு காணொளியில் பேசினால், இரண்டு நிறுவனங்களும் சென்னையில் மட்டுமே சந்தித்துக்கொள்ளும் நிலையில், இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் உரையாடல் ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் வடக்கே போய்த் திரும்பி வர வேண்டும். ஒளி ஒரு மில்லிநொடியில் இழைக்குள் 200 கிலோமீட்டர்தான் போகும். ஒரு கேள்வி அப்படிப் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்கே பதினான்கு மில்லிநொடி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, சென்னை இணைப்பு அறுந்தால் பக்கத்து ஊரும் அறுந்துபோவது. ஒக்கி நாளில் மாவட்டத்துக்குள் மட்டுமாவது பேசிக்கொள்ள வழியிருந்தால் மீட்புப் பணி எப்படி மாறியிருக்கும் என்பது முழுக்க முழுக்க வழித்தடக் கேள்வி, மாற்றுமையக் கேள்வி. இந்திய இணைய மாற்றுமையமான நிக்சி 2003-இல் தொடங்கியபோது பெருநகரங்களிலிருந்து ஆரம்பித்தது இயல்பு. அறுபத்தைந்து எழுபது கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கும்போது இந்த மாவட்டத்தின் போக்குவரத்து எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்பதற்குக்கூட ஒரு மேடை வேண்டும். சிறியவர்களின் வழித்தட அறிவு குறைவு என்றால், பெரியவர்களின் வரலாறும் அப்படியொன்றும் மாசற்றது அல்ல. 2021 ஏப்ரல் 16 அன்று வோடபோன் ஐடியாவின் வலையமைப்பிலிருந்து தனக்குச் சொந்தமில்லாத 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகள் அறிவிக்கப்பட்டு உலகளவில் போக்குவரத்து தடம்மாறியது. தவறு அளவைப் பார்த்து வருவதில்லை.

மூன்றாவது, இரகசியம். பழுதைப் பொதுவில் சொன்னால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடுவார். பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரியும். மேல்நிலை நிறுவனம் கோபித்துக்கொள்ளும். சிறிய ஆபரேட்டருக்கு இந்தப் பயம் நியாயமானது, ஏனென்றால் அவர் யாரிடம் இணையக் கொள்ளளவை மொத்தமாக வாங்குகிறாரோ அவரைப் பற்றித்தான் பல நேரம் பேச வேண்டிவரும். அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் ஏற்கெனவே இருக்கிறது. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று இட்ட உத்தரவு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. மேலே போகும் அறிக்கையால் பக்கத்தில் இருப்பவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பெயர், ஊர், நிறுவனம் எதையும் சொல்லாமல் நடந்ததை மட்டும் வேறொருவர் வாசிக்கலாம் என்று விதி வைத்தால் பாதிப் பயம் தீரும். இன்றைய அழைப்பு தன்விவரத்தையும் கேட்கிறது. பெயரில்லாத விண்ணப்பத்துக்கு அதில் இடமில்லை. பேச்சாளரின் புகழை நம்பாமல் சொன்ன தகவலைச் சோதித்துப் பார்க்கும் குழுவுக்கு இது கடினமான மாற்றம் அல்ல.

கடைசியாக ஒன்று. நிகழ்ச்சிக் குழுவே ஆளைத் தேடிப்போய் அழைக்கத் தொடங்கினால் தெரிந்தவர், உறவினர், சாதிக்காரர் என்று வட்டம் சுருங்காதா? இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது அசட்டுத்தனம். திறந்த அழைப்பின் பெருமையே யாரையும் தெரியாதவருக்கும் வழி இருக்கிறது என்பதுதான். அதைக் கைவிடச் சொல்வது தவறாகவே முடியும். ஆகவே அழைப்பு இருக்கட்டும், தேர்வும் இருக்கட்டும், விற்பனைத் தடையும் இம்மி குறையாமல் இருக்கட்டும். தேடிப்போவது விண்ணப்பத்தை எழுதவைப்பதற்கு மட்டும். ஏற்பதும் தள்ளுவதும் வேறு ஆட்கள் கையில். தேடியவர் தேர்வில் உட்காரக்கூடாது என்ற ஒரு விதி போதும். இதையும் மீறி ஒருசார்பு வரலாம். ஆனால் இன்றைக்கு நிலவும் ஒருசார்பு யார் கண்ணுக்கும் தெரியாதது. புதிதாக வருவது, குறைந்தது, கேள்வி கேட்கக்கூடியதாக இருக்கும்.

எல்லாக் கூட்டமும் இப்படி மாற வேண்டும் என்பதில்லை. ஏப்ரிகாட் ஏப்ரிகாட்டாகவே இருக்கலாம். உலகளாவிய வழித்தட ஆராய்ச்சிக்கு அதன் முறை பொருத்தமானது. பொறுப்பு கீழ்மட்டத்தில் இருக்கிறது: இன்னோக், அதற்கும் கீழே மாநில அளவில் எதுவும் இல்லாத வெற்றிடம். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பணியை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் ஏற்றிருக்கிறது. அவற்றில் 95 கன்னியாகுமரி மாவட்டத்தில். பெட்டி வைத்துத் திறப்பு விழா நடத்துவது ஒரு வேலை. ஐந்தாவது மழைக்காலத்திலும் அந்தப் பெட்டியில் விளக்கு எரியவைப்பது வேறு வேலை. அதைச் செய்யப்போவது பேச்சிப்பாறைக்கும் குளச்சலுக்கும் நடுவே ஏணியோடு அலைகிறவர்கள். அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள அரசும் வழிசெய்யவில்லை, துறையும் செய்யவில்லை.

இன்னோக், சானோக் நிகழ்ச்சிக் குழுக்களில் தமிழர்கள் இருப்பின் அவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான். அடுத்த அழைப்பில் மூன்று வரி கூடுதலாகச் சேருங்கள்: தமிழிலோ வேறு இந்திய மொழியிலோ குரல்பதிவாக அனுப்பலாம், படவில்லை தேவையில்லை, எங்கே அறுந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எவ்வளவு நேரமானது என்று சொன்னால் போதும். கடைசித் தேதியைப் பருவமழை முடிந்த பிறகு வையுங்கள். தைப்பொங்கல் கழிந்து நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அரங்கில் ஒரு நாள் கூட்டம் போடுங்கள். காலையில் வந்து இரவில் வீடு திரும்பும் தூரத்தில்தான் மாவட்டத்தின் எல்லா ஆபரேட்டர்களும் இருக்கிறார்கள். முதல் உரை ஒக்கியைப் பற்றியதாக இருக்கட்டும். அன்று வேலை பார்த்தவர்கள் இன்னும் தொழிலில் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.